நிக்கலுக்கு உங்கள் புரதத்தைத் தெரியாது

கேள்வி இது: "எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக ஈ.கோலை பாக்டீரியாவில் 31 கிலோடால்டன் எடையுள்ள ஒரு நொதியைத் தயாரிக்கிறேன். அதன் நுனியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு சேர்த்திருக்கிறேன். அரை லிட்டர் வளர்ப்பு, 3 மில்லி நிக்கல் ரெசின். புரதம் ஒட்டுகிறது, 250 மில்லிமோலார் இமிடசோல் ஊற்றினால் இறங்கியும் வருகிறது. ஆனால் புரதங்களை எடைவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பார்த்தால் கூடவே நாலைந்து கோடுகள். கழுவும்போது இமிடசோலைக் கூட்டினால் என் புரதமும் கொஞ்சம் போய்விடுகிறது. ஒரே படியில் 95 சதவீதம் சுத்தமாக வரும் என்றார்களே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? நிக்கல் எப்படித்தான் என் புரதத்தை அடையாளம் கண்டுகொள்கிறது?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் பதில் அதற்குள்தான் இருக்கிறது. நிக்கல் உங்கள் புரதத்தை அடையாளம் காண்பதே இல்லை. ஆன்டிபாடிக்குத் தன் ஆன்டிஜென் எது என்று தெரியும். நிக்கலுக்குத் தெரிந்ததெல்லாம் எலக்ட்ரான் ஜோடியை நீட்டிக்கொண்டு நிற்கும் நைட்ரஜன் மட்டும்தான். அப்படி இரண்டு நைட்ரஜன் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். வந்தது உங்கள் நொதியா, பாக்டீரியாவின் சொந்தப் புரதமா, பாட்டிலிலிருந்து நீங்கள் ஊற்றிய இமிடசோலா என்றெல்லாம் அது விசாரிக்காது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ரெசின் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸில் செய்த நுண்ணிய மணிகள். அந்த மணிகளின் மேல் என்டிஏ என்ற சிறு மூலக்கூறைக் கோத்திருப்பார்கள். நிக்கல் அயனிக்குப் பிணைப்புக்கென்று ஆறு இடம் உண்டு, ஆறு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்டிஏ அதில் நான்கைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமுள்ள இரண்டில் தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா உட்கார்ந்திருக்கும். ஹிஸ்டிடினின் பக்கச்சங்கிலியில் இமிடசோல் வளையம் இருக்கிறது. அந்த வளையத்து நைட்ரஜன் வந்ததும் தண்ணீர் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறது. ஒட்டுவது என்பது இவ்வளவுதான்.

இடம் இரண்டுதானே, பிறகு எதற்கு ஆறு ஹிஸ்டிடின்? ஒரு ஹிஸ்டிடின் நிக்கலோடு போடும் பிணைப்பு பலவீனமானது. நொடிக்கு நொடி விடும், பிடிக்கும். ஆறு வரிசையாக இருந்தால், ஒன்று விடும்போது பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்கிறது. அதனால் மொத்தத்தில் புரதம் குழாயை விட்டு நகராமல் இருக்கிறது. (ஆய்வகத்தில் இந்தக் குழாயைக் 'காலம்' என்றுதான் சொல்வோம். எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள் என்பதால் இங்கே குழாய் என்றே எழுதுகிறேன்.)

இப்போது உங்கள் பிரச்சினையின் வேர் தெரிந்திருக்கும். ஹிஸ்டிடின் நீங்கள் நுனியில் சேர்த்த அந்த ஆறு ஹிஸ்டிடின் வாலில் மட்டுமா இருக்கிறது? சராசரியாக எந்தப் புரதத்திலும் நூறு அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹிஸ்டிடின் இருக்கும். உங்கள் நொதியிலேயே வாலை விட்டால்கூட ஐந்தாறு இருக்கலாம். பாக்டீரியாவில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள். அவற்றில் சிலவற்றுக்கு மேற்பரப்பில் இரண்டு மூன்று ஹிஸ்டிடின் தற்செயலாக அருகருகே அமைந்திருக்கும். அவையும் ஒட்டத்தான் செய்யும்.

சொல்லப்போனால், இந்த முறை பிறந்ததே அப்படித் தற்செயலாக ஒட்டுபவற்றை நம்பித்தான். ஸ்வீடனின் உப்சாலாவில் யெர்கர் போரத்தும் கூட்டாளிகளும் 1975இல் நேச்சர் இதழில் இதை அறிவித்தபோது வாலும் கிடையாது, மரபணுவை வெட்டி ஒட்டும் பழக்கமும் பரவவில்லை. அகரோஸ் ஜெல்லில் ஐடிஏ என்ற பிடிப்பானைக் கோத்து, அதில் துத்தநாகத்தையும் செம்பையும் ஏற்றி, மனித ரத்த சீரத்தை ஊற்றிப் பார்த்தார்கள். வெளியில் ஹிஸ்டிடின் அதிகமுள்ள புரதங்கள் நின்றன, மற்றவை ஓடிவிட்டன. அளவு பார்த்துப் புரதங்களைப் பிரிக்கும் செஃபடெக்ஸ் ஜெல்லை 1959இல் பெர் ஃபிளோடினுடன் சேர்ந்து கொண்டுவந்தவரும் இதே போரத்தான். ஒரே ஆள் நம் மேசையில் இருக்கும் இரண்டு குழாய்களுக்குச் சொந்தக்காரர்.

ஐடிஏவில் ஒரு குறை இருந்தது. அது உலோகத்தின் மூன்று கைகளைத்தான் பிடிக்கும், அதனால் உலோகம் மெல்ல மெல்லக் கழன்று ஓடிவிடும். சுவிட்சர்லாந்தின் பாசலில், ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் இருந்த ஹொக்குலி குழு 1987இல் நான்கு கையைப் பிடிக்கும் என்டிஏவைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் வாலைச் சேர்த்து எலியின் டிஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை ஈ.கோலையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். இயற்கை தற்செயலாக வைத்த ஹிஸ்டிடினுக்காகக் காத்திருக்காமல் நாமே வைத்துவிட்டால் என்ன என்ற அந்த ஒரு யோசனைதான் இன்று உங்கள் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையம்) இருக்கிறது. வால் இல்லாமலும் இதைச் செய்யலாம். 2018இல் வேதியியல் நோபல் வாங்கிய ஃபிரான்சஸ் ஆர்னால்டு, 1990களின் தொடக்கத்தில், புரதத்தின் சுருள் பகுதியில் நான்கு இடம் தள்ளி இரண்டு ஹிஸ்டிடினை வைத்தாலே உலோகம் நன்றாகப் பிடிக்கிறது என்று காட்டியவர்களில் ஒருவர். உங்கள் ஜெல்லில் தெரியும் அந்த அழையா விருந்தாளிகளில் சிலர் இயற்கையாகவே இப்படி அமைந்தவர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 3 மில்லி ரெசின் என்றீர்கள். தயாரிப்பாளர்கள் மில்லிக்கு 40 மில்லிகிராம் வரை பிடிக்கும் என்று போட்டிருப்பார்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் குழாயில் 120 மில்லிகிராமுக்கு இடம் இருக்கிறது. அரை லிட்டர் வளர்ப்பில் சுமாராக உற்பத்தியாகும் நொதி எவ்வளவு வரும்? 4, 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இடமெல்லாம் காலி.

கல்யாணப் பந்தியில் ஐந்து பேருக்கு 120 இலை போட்டால் என்ன ஆகும்? மண்டபத்து வழியாகப் போகிறவரெல்லாம் வந்து உட்காருவார். யாரும் எழுப்பப் போவதில்லை. ஆறு இலை மட்டும் போட்டிருந்தால், உரிமையுள்ளவர் வந்ததும் மற்றவர் எழுந்தே ஆகவேண்டும். ரெசினிலும் அதுதான் நடக்கிறது. இடம் குறைவாக இருக்கும்போது ஆறு ஹிஸ்டிடின் உள்ள புரதம், இரண்டு ஹிஸ்டிடின் உள்ள புரதத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். இடம் தாராளமாக இருந்தால் தள்ளவேண்டிய அவசியமே வராது.

என்னிடம் வரும் பத்து கேள்விகளில் ஆறு ஏழு இதில்தான் முடியும். ரெசினைக் குறையுங்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "புரதம் வீணாகிவிடுமே" என்பார்கள். கொஞ்சம் வழிந்து போகத்தான் செய்யும். ஒட்டாமல் வழிந்தோடியதில் உங்கள் புரதம் லேசாகத் தெரிந்தால், குழாய் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல செய்தி. அடுத்த முறை அரை மில்லியில் தொடங்குங்கள், பிறகு கால் மில்லிக்கும் இறங்கிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பாட்டிலில் வருவது பெரும்பாலும் பாதி மணி, பாதி திரவம். அரை மில்லி மணிப் படுகை வேண்டுமென்றால் குலுக்கிய கலவையில் ஒரு மில்லி எடுக்கவேண்டும். குலுக்காமல் மேலாக எடுத்துவிட்டு ரெசின் சரியில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

இரண்டாவது, இமிடசோலை எங்கே வைக்கிறீர்கள் என்பது. இமிடசோல் என்பது ஹிஸ்டிடினின் கை மட்டும் தனியாக நடமாடுவது போல. அதைக் கரைசலில் கலந்தால் எல்லாப் புரதத்தோடும் போட்டிக்கு நிற்கும். பலரும் கழுவும்போதுதான் அதை முதன்முதலில் சேர்க்கிறார்கள். அது தாமதம். செல்களை உடைக்கும் பஃபரிலேயே (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) 10 முதல் 20 மில்லிமோலார் போட்டுவிடுங்கள். உட்கார்ந்தவரை எழுப்புவதைவிட வாசலிலேயே நிறுத்துவது சுலபம். கூடவே 300 முதல் 500 மில்லிமோலார் உப்பு இருக்கட்டும், சாதாரண சோடியம் குளோரைடுதான். மின்னூட்டத்தால் சும்மா ஒட்டிக்கொள்ளும் புரதங்களையும் டிஎன்ஏவையும் அது விலக்கிவிடும்.

கழுவும் அளவை ஊகிக்கவேண்டாம். ஒரு முறை உட்கார்ந்து 20, 40, 60, 80, 100, 150, 250 என்று படிப்படியாக ஊற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழலில் பிடித்து, வரிசையாக ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். அரை நாள் வேலை. உங்கள் நொதி எந்த இடத்தில் இறங்கத் தொடங்குகிறது, மற்றவை எங்கே நிற்கின்றன என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். பிறகு அந்த எல்லைக்கு ஒரு படி கீழே கழுவினால் போதும். ஊரில் எல்லோரும் 20 என்றால் நானும் 20 என்று இருப்பதற்கு அர்த்தமில்லை. உங்கள் வால் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் புரதத்துக்கு மட்டுமே உரிய விஷயம்.

அந்த நாலைந்து கோடுகள் யார் என்று பார்ப்போம். முகம் தெரியாதவர்கள் இல்லை. ஈ.கோலையில் நிக்கல் ஓட்டினால் திரும்பத் திரும்ப வருபவர்களின் பட்டியல் நன்றாகவே தெரியும். 70 கிலோடால்டனுக்குச் சற்று மேலே ஒரு கோடு இருந்தால் அது அர்ன்ஏ என்ற ஈ.கோலைப் புரதமாக இருக்கலாம். அதன் ஆறு பிரதிகள் சேர்ந்து ஒரு கூட்டாக நிற்பதால் மேற்பரப்பு ஹிஸ்டிடின்களும் கூடுகின்றன. கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஜிஎல்எம்எஸ் என்ற நொதியும் வரும். 25க்கும் 28க்கும் நடுவில் ஒரு கோடு இருந்தால் எஸ்எல்ஒய்டி என்ற இன்னொரு ஈ.கோலைப் புரதத்தின் மேல்தான் என் சந்தேகம்.

இந்த எஸ்எல்ஒய்டியோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் 26 கிலோடால்டன் புரதம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் முறையே ஜெல்லில் அழகான ஒற்றைக் கோடு, சரியாக 26க்குப் பக்கத்தில். கூட இருந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் அதை வைத்துச் செயல்பாடு அளந்தேன். ஒன்றும் இல்லை. பஃபரை மாற்றினேன், உப்பை மாற்றினேன், வெப்பநிலையை மாற்றினேன், வழிகாட்டியிடம் திட்டும் வாங்கினேன். கடைசியில் சும்மா ஒரு சந்தேகத்தில், என் மரபணுவே இல்லாத வெற்று பிளாஸ்மிட் வைத்த பாக்டீரியாவை அதே போல ஓட்டினேன். அதே இடத்தில் அதே அழகான கோடு. என் புரதம் உற்பத்தியே ஆகவில்லை. காலியான ரெசினில் எஸ்எல்ஒய்டி தனியாக உட்கார்ந்து எனக்கு மூன்று வாரம் படம் காட்டியிருக்கிறது.

அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. 196 அமினோ அமிலமுள்ள அந்தப் புரதத்தின் வால்பகுதி முழுக்க ஹிஸ்டிடின் நெருக்கமாக இருக்கிறது. பாக்டீரியாவுக்குள் நிக்கலைப் பிடித்து, ஹைட்ரஜனேஸ் நொதி உருவாகும்போது அதற்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. நிக்கலைப் பிடிக்கவே பிறந்த புரதத்தை நிக்கலில் ஒட்டாதே என்றால் எப்படி? உண்மையான எடை 21 கிலோடால்டன்தான், ஆனால் ஜெல்லில் மெதுவாக ஓடி மேலே நிற்கும். அதனால்தான் நான் ஏமாந்தேன். அன்றிலிருந்து, புதிய புரதம் எதுவாக இருந்தாலும் வெற்று பிளாஸ்மிடையும் கூடவே ஒரு வரிசை ஓட்டாமல் நான் எதையும் நம்புவதில்லை. நீங்களும் செய்யுங்கள். உங்கள் கூடுதல் கோடுகளில் எவை பாக்டீரியாவின் சொந்தக்காரர்கள், எவை உங்கள் நொதியே உடைந்த துண்டுகள் என்பதையும் அந்த ஒரு வரிசை சொல்லிவிடும். துண்டுகள் என்றால் சிகிச்சை வேறு: குளிரில் வேகமாக வேலை செய்யவேண்டும், புரதத்தை வெட்டும் நொதிகளை நிறுத்தும் புரோட்டியேஸ் தடுப்பான் சேர்க்கவேண்டும். பாக்டீரியாவைப் புரதம் உற்பத்தி செய்யவைக்கும் வெப்பநிலையையும் இறக்கிப் பார்க்கலாம்.

இந்தத் தொல்லைக்காரர்களின் மரபணுவையே மாற்றிய பாக்டீரியா வகைகளும் கிடைக்கின்றன. லாப்ஸ்டர் என்ற வகையில் அர்ன்ஏவிலும் எஸ்எல்ஒய்டியிலும் ஒட்டும் இடங்களை மாற்றிவிட்டார்கள். உற்பத்தி மிகக் குறைவாக உள்ள புரதங்களுக்கு அது நல்ல வழி. உங்களுக்கு இப்போது அவசியப்படாது என்று நினைக்கிறேன்.

இனி பிஹெச். மேலே சொன்ன நைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியை நீட்டவேண்டும் என்றால் அதில் புரோட்டான் ஏறியிருக்கக்கூடாது. ஹிஸ்டிடினுக்கு அந்த எல்லை சுமார் 6. எனவே 7.5 முதல் 8 வரை இருந்தால் நன்றாக ஒட்டும், 6க்குக் கீழே போகப்போகக் கழன்றுவிடும். இமிடசோலே இல்லாமல் பிஹெச்சை 4.5க்கு இறக்கிப் புரதத்தை இறக்குவதும் பழைய வழக்கம்தான். யூரியாவில் கரைத்த புரதங்களுக்கு இன்றும் அப்படிச் செய்கிறோம். நொதி செயலோடு வேண்டுமென்றால் அந்த அமிலத்தில் காட்டாதீர்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இமிடசோல் ஒரு காரம். தண்ணீரில் ஒரு மோலார் கரைத்து பிஹெச் மீட்டரை வைத்துப் பாருங்கள், பத்தை நெருங்கி நிற்கும். அதை அப்படியே ட்ரிஸ் பஃபரில் கலந்து 250 மில்லிமோலார் ஆக்கினால் உங்கள் பஃபர் 8இல் இல்லை, எங்கேயோ போயிருக்கும். எங்கள் பக்கத்து மேசையில் ஒரு பெண் இறக்கிய புரதம் குழலில் சொட்டும்போதே மோர் மாதிரி வெளுத்துப் போனது. புரதம் நிலையில்லாதது என்று முடிவுகட்டி, கரையவைக்க என்னென்னவோ சேர்த்துப் பார்த்தார். பஃபரின் பிஹெச்சை அளந்தபோது 9.6. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு 8க்குக் கொண்டுவந்த பிறகு அதே புரதம் கண்ணாடி போல வந்தது. எல்லாவற்றையும் கலந்த பிறகு கடைசியாக பிஹெச் பாருங்கள். இன்னொன்று, இமிடசோல் 280 நானோமீட்டரில் ஓரளவு ஒளியை உறிஞ்சும், மலிவு சரக்கு என்றால் இன்னும் அதிகமாக. வெறும் தண்ணீரைச் சுழியமாக வைத்துப் புரத அளவைப் பார்த்தால் இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும். இறக்கும் பஃபரையே சுழியமாக வையுங்கள்.

நிக்கலைக் கெடுப்பவை சில. ரெசின் நல்ல நிலையில் இருந்தால் வெளிர் நீலப்பச்சை. உலோகத்தைப் பிடிக்கும் வேதிப்பொருளான ஈடிடிஏ பட்டால் வெள்ளையாகிவிடும், ஏனென்றால் ஈடிடிஏ நிக்கலின் ஆறு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, நான்கு கையைப் பிடித்த என்டிஏ அதன்முன் நிற்காது. புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரை வாங்கும்போது ஈடிடிஏ இல்லாதது என்று பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். புரதத்தின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் காக்கச் சேர்க்கும் டிடிடி பட்டால் பழுப்பாகும், நிக்கலை அது ஒடுக்கிவிடுகிறது. சிஸ்டீனைக் காக்க வேறு ஏதாவது வேண்டுமென்றால் பீட்டா மெர்காப்டோ எத்தனால் சில மில்லிமோலார் போடலாம், ஒன்றிரண்டு மில்லிமோலார் டிசெப் இன்னும் நல்லது. பாக்டீரியாவின் வெளிச்சுவருக்கும் உட்சவ்வுக்கும் நடுவிலிருந்து புரதம் எடுப்பவர்கள் ஈடிடிஏ போட்டுத்தான் செல்லைத் திறப்பார்கள். அதை அப்படியே நிக்கலில் ஊற்றினால் கண்ணெதிரே குழாய் மேலிருந்து கீழாக வெளுத்துக்கொண்டே வரும். டயாலிசிஸ் (சவ்வுப் பைக்குள் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) செய்துவிட்டு ஊற்றுங்கள்.

உங்களுக்கு ஒட்டுகிறது, அதனால் ஒட்டாதவர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், என்றாவது தேவைப்படும். மொத்தச் செல், செல்லை உடைத்துச் சுழற்றிய பிறகு மேலே நிற்கும் மேல்நீர், அடியில் படிந்தது, வழிந்தோடியது, கழுவியது, இறக்கியது, கடைசியாக ரெசினையே எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் உள்ள கலவையில் கொதிக்கவைத்தது என்று ஏழையும் ஒரே ஜெல்லில் ஓட்டினால் புரதம் எங்கே தொலைந்தது என்று தெரிந்துவிடும். அடியில் படிந்திருந்தால் அது கரையவே இல்லை, நிக்கலைக் குறைசொல்லிப் பயனில்லை. வழிந்தோடியதில் முழுவதும் இருந்தால் வால் மடிப்புக்குள் மறைந்திருக்கலாம். 8 மோலார் யூரியாவில் புரதத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி ஒட்டவைத்துப் பாருங்கள். அப்போது ஒட்டினால் வால் இருக்கிறது, மறைந்துதான் கிடந்தது. அதை மறுமுனைக்கு மாற்றலாம், அல்லது நடுவில் கிளைசின், செரின் சேர்த்து நீட்டலாம். யூரியாவிலும் ஒட்டவில்லையென்றால் வாலே இல்லை. வரிசையைப் படித்துப் பாருங்கள், நிறுத்தக் குறியீடு வாலுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும். ரெசினைக் கொதிக்கவைத்ததில் மட்டும் தெரிந்தால், புரதம் குழாய்க்குள்ளேயே திரிந்து படிந்துவிட்டது.

நிக்கல்தான் வேண்டும் என்றும் இல்லை. பொதுவாகச் செம்பு எல்லாவற்றையும்விட இறுக்கமாகப் பிடிக்கும், அடுத்தது நிக்கல், பிறகுதான் கோபால்டும் துத்தநாகமும். இறுக்கமாகப் பிடிப்பது நல்லது என்று தோன்றும். ஆனால் இறுக்கமாகப் பிடிப்பது எல்லாரையும் பிடிக்கும். இளஞ்சிவப்பாக இருக்கும் கோபால்ட் ரெசின் கொஞ்சம் கறாரானது. உங்கள் புரதமும் ஓரளவு குறையும், கூட வரும் கோடுகள் அதைவிட அதிகமாகக் குறையும். நிக்கலில் ரெசினைக் குறைத்தும் போதவில்லை என்றால் கோபால்டுக்குப் போங்கள். பக்கத்து ஆய்வகத்தில் இருந்தால் கால் மில்லி கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

இரும்பு, காலியம் போன்ற மூன்று மின்னூட்ட அயனிகளின் ருசி வேறு. அவற்றுக்கு நைட்ரஜனைவிட ஆக்சிஜன் பிடிக்கும், அதிலும் பாஸ்பேட்டில் உள்ள ஆக்சிஜன். போரத்தும் ஆண்டர்சனும் 1986இல் இரும்பை ஏற்றிய ஜெல்லில் பாஸ்பேட் ஏறிய புரதங்களைப் பிடித்துக் காட்டினார்கள். இன்று செல்லுக்குள் எந்தப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று நிறைநிறமாலைமானியில் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) தேடுபவர்கள் முதலில் இப்படித்தான் சலித்து எடுக்கிறார்கள். மணி அதே மணிதான், மேலே ஏற்றிய உலோகம் மட்டும் வேறு.

வால் இல்லாமலேயே நிக்கலில் போய் ஒட்டும் இயற்கைப் புரதங்களில் எனக்குப் பிடித்தது மலேரியாக் கிருமியினுடையது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் வெளியேவிடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹிஸ்டிடின். ஆரம்ப சுகாதார நிலையங்களில் விரல்நுனி ரத்தத்தை வைத்துப் பார்க்கும் மலேரியா பட்டைகள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான், ஆனால் அங்கே பிடிப்பது ஆன்டிபாடி. உலோகக் குழாயில் ஊற்றினால் நம் ஆறு ஹிஸ்டிடின் வாலெல்லாம் அதன்முன் ஒன்றுமில்லை.

மறுபடி உங்கள் நொதி. ரெசினைக் குறைத்து, இமிடசோலைச் சரிசெய்த பிறகும் ஒன்றிரண்டு கோடு மிஞ்சினால் ஒரு தந்திரம் இருக்கிறது. கழித்தல் கணக்கு மாதிரி. உங்கள் பிளாஸ்மிடில் வாலுக்கும் புரதத்துக்கும் நடுவே டெவ் புரோட்டியேஸ் என்ற புரதம் வெட்டும் நொதி வெட்டும் இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இறக்கிய புரதத்தை இமிடசோல் இல்லாத பஃபரில் ராத்திரி முழுக்க டயாலிசிஸ் வையுங்கள், பைக்குள்ளேயே டெவ்வையும் போட்டுவிடுங்கள். காலையில் வால் வெட்டப்பட்டிருக்கும். அதை மறுபடி நிக்கலில் ஊற்றினால் எஸ்எல்ஒய்டி ஒட்டும், அர்ன்ஏ ஒட்டும், வெட்டிய வால் ஒட்டும், டெவ்வுக்கும் ஹிஸ்டிடின் வால் வைத்தே தயாரிப்பதால் அதுவும் ஒட்டும். உங்கள் நொதி மட்டும் வழிந்து வரும். முதல் தடவை ஒட்டியதற்காக அவற்றைத் திட்டினோம், இரண்டாம் தடவை அதே குணம் நமக்கு உதவுகிறது. வெட்டும் இடம் இல்லையென்றால் அளவு பார்த்துப் பிரிக்கும் ஜெல் குழாயில் ஒரு முறை ஓட்டுங்கள். போரத்தின் இன்னொரு குழாய்.

அந்த 95 சதவீதத்தைப் பற்றி. பொய் இல்லை. நிறைய உற்பத்தியாகும் புரதம், நன்றாக வெளியே நீட்டிய வால், அளவான ரெசின் மூன்றும் சேர்ந்தால் வரும். பாக்டீரியாவின் மொத்தப் புரதத்தில் கால் பங்கு உங்கள் புரதமாக இருந்தால் யார் ஓட்டினாலும் சுத்தமாகத்தான் வரும். உற்பத்தி சுமாராக இருக்கும்போதுதான் கை பேசவேண்டும். அதோடு, 95 சதவீதம் உங்களுக்கு வேண்டுமா என்றும் யோசியுங்கள். நொதியின் வேகத்தை அளக்க மட்டும்தான் என்றால், குறுக்கே வராத கோடு ஒன்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படிகம் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு.

பழைய 3 மில்லியைத் தூக்கிப் போடாதீர்கள், விலை உங்களுக்கே தெரியும். 50 மில்லிமோலார் ஈடிடிஏ ஊற்றினால் நீலப்பச்சை கரைந்து ஓடி, மணிகள் வெள்ளை வெளேர் என்று நிற்கும். தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள், ஈடிடிஏ மிச்சமிருந்தால் அடுத்து ஏற்றும் நிக்கலையும் அது தின்றுவிடும். பிறகு 100 மில்லிமோலார் நிக்கல் சல்பேட் ஊற்றினால் மேலிருந்து நிறம் இறங்கி வருவதைப் பார்க்கலாம். மறுபடி கழுவி, 20 சதவீத எத்தனாலில் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். கையுறை இல்லாமல் தொடவேண்டாம். கவரிங் நகை போட்டால் கழுத்தில் அரிக்கிறது என்பவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், அதற்கு அடிக்கடி காரணம் இதே நிக்கல்தான் என்று தோல் மருத்துவரைக் கேட்டால் சொல்வார். நிக்கல் சல்பேட் தூளை மூச்சில் இழுப்பது அதைவிட மோசம், புற்றுநோய் தரும் பொருட்களின் பட்டியலில் உள்ளது. கழுவிய நீரைச் சிங்கில் விடாமல் தனிக் கேனில் பிடியுங்கள்.

அடுத்த முறை அரை மில்லி ரெசின், உடைக்கும் பஃபரிலேயே 20 மில்லிமோலார் இமிடசோல், பக்கத்தில் ஒரு வெற்று பிளாஸ்மிட். ஜெல்லைச் சாயமேற்றியதும் முதலில் வழிந்தோடிய வரிசையைப் பாருங்கள். அங்கே 31இல் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் கவலைப்படவேண்டாம், இலை நிறைந்துவிட்டது.